‘நான் பார்த்துப் படிக்கிற ரகம்’: கற்றல் பாணியும் கல்லூரிப் படிப்பும்

கல்லூரியில் சேர்ந்த முதல் சில வாரங்களில், அறிமுகப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளில், பல மாணவர்களின் கைக்கு ஒரு வினாத்தாள் வருகிறது. அதற்கு மதிப்பெண் கிடையாது. ஊருக்குப் புதியவர் ஒருவர் வழி கேட்டால் படம் வரைந்து காட்டுவீர்களா, வாயால் சொல்வீர்களா, எழுதிக் கொடுப்பீர்களா, கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வருவீர்களா? புதிதாக ஒரு கருவி வாங்கினால் கையேட்டைப் படிப்பீர்களா, நேரே பொத்தானை அழுத்திப் பார்ப்பீர்களா? இந்த மாதிரிக் கேள்விகளுக்குக் குறியிட்டுக் கூட்டினால் அவரவர் ரகம் தெரிந்துவிடுகிறது: பார்த்துப் படிக்கிறவர், கேட்டுப் படிக்கிறவர், எழுதிப் படிக்கிறவர், செய்து படிக்கிறவர். பார்க்கிற ரகத்துக்கு வரைபடமும் வண்ணப் பேனாவும். கேட்கிற ரகம் என்றால் பாடத்தைப் பதிவு செய்து காதில் மாட்டிக்கொள்ள வேண்டியது.

இதில் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை ‘மண்டையில் ஏறவே மாட்டேங்குது’ என்று திட்டு வாங்கிய பிள்ளைக்கு, உன்னிடம் குறை ஒன்றுமில்லை, உனக்கு ஏற்ற வழியில் யாரும் சொல்லித்தரவில்லை என்று கேட்பது எப்படி இருக்கும்? கற்றல் பாணிக் கோட்பாடு உலகெங்கும் பரவியதற்கு அதன் அறிவியலைவிட இந்த ஆறுதல்தான் அதிகம் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஆறுதல் தருவதெல்லாம் உண்மையாகிவிடாது. ‘அவரவர் பாணிக்கு ஏற்ப படித்தால் கூடுதலாக மனதில் நிற்கும்’ என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களுக்கு இப்படிப் படிக்கப் பிடிக்கும், அப்படிப் படிக்கப் பிடிக்காது என்ற விருப்ப வேறுபாடு இருப்பதை ஆய்வாளர்கள் மறுக்கவில்லை. அந்த விருப்பத்தைப் பின்பற்றினால் படிப்பு நன்றாக வரும் என்பதற்குத்தான் நம்பகமான சான்று கிடைக்கவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றும் தெரியவந்தது: எந்த முறையில் படிக்கும்போது சுகமாக இருக்கிறதோ, அது பல நேரங்களில் குறைவாகக் கற்றுத்தருகிற முறையாக இருக்கிறது.

மேலே சொன்ன நான்கு ரகப் பிரிவினையை உருவாக்கியவர் நீல் ஃபிளெமிங். நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக நிறைய வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தவர். அவரை ஒரு புதிர் குடைந்தது. நல்ல ஆசிரியர்கள் சிலரால் சில மாணவர்களை எட்டவே முடியவில்லை. சுமாரான ஆசிரியர்கள் சிலர் அதே மாதிரி மாணவர்களை எட்டிவிடுகிறார்கள். ஏன்? பின்னர் லிங்கன் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர், 1992ல் கொலீன் மில்ஸோடு சேர்ந்து ‘வார்க்’ என்ற வினாத்தாளை வெளியிட்டார். அந்தக் கட்டுரையின் தலைப்பு, இது இன்னொரு அளவுகோல் வேண்டும் என்பதற்காக வந்ததல்ல, மாணவர் தன்னைப் பற்றி யோசிப்பதற்கான தூண்டுகோல் என்ற பொருளில் அமைந்திருந்தது. அந்த அடக்கம் பின்னால் வந்தவர்களுக்கு இல்லை. யோசிப்பதற்காகத் தந்த தாள், முத்திரை குத்துகிற தாளாகிவிட்டது.

ஃபிளெமிங் இதில் முதல் ஆள் இல்லை. அனுபவம், சிந்தனை, கருத்தாக்கம், சோதனை என்று ஒரு சுழற்சி வரைந்து மாணவர்களை அதில் நால்வகையாக நிறுத்தினார் டேவிட் கோல்ப். ரீட்டா டன், கென்னத் டன் இணையர் வெளிச்சம், வெப்பம், நாற்காலியின் வசதி, நாளின் எந்த நேரம், படிக்கும்போது எதையாவது கொறிக்க வேண்டுமா என்பது வரை பாணிக்குள் கொண்டுவந்தார்கள். நம் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பழக்கமானது ரிச்சர்ட் ஃபெல்டர், லிண்டா சில்வர்மன் இருவரும் 1988ல் வெளியிட்ட மாதிரி. அந்த ஃபெல்டரே பின்னாளில், ஒவ்வொரு மாணவருக்கும் அவர் பாணியில் தனித்தனியாகப் பாடம் நடத்தச் சொல்வது தன் நோக்கம் இல்லை, எல்லா வகையிலும் கலந்து நடத்தச் சொல்வதுதான் என்று விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

2004ல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் அவருடைய குழுவினரும் இந்தச் சந்தை முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள். 71 மாதிரிகள் அகப்பட்டன. அவற்றில் செல்வாக்குள்ள 13ஐ எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரே மாணவர் சில வாரம் கழித்து மறுபடியும் எழுதினால் அதே ரகம் வருகிறதா, அளக்க வந்ததைத்தான் வினாத்தாள் அளக்கிறதா என்பது போன்ற அடிப்படைச் சோதனைகளிலேயே பல மாதிரிகள் தடுமாறின. 71 விதமாகப் பிரிக்க முடிகிற ஒன்றில், பிரிப்பவரின் பங்கு எவ்வளவு, இயற்கையின் பங்கு எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, கோட்பாடு உண்மையா என்று எப்படித்தான் சோதிப்பது? ‘நான் படம் வரைந்து படித்தேன், நல்ல மார்க் வந்தது’ என்பது போதாது. படம் வரைந்து படித்தால் எல்லாருக்குமே நல்ல மார்க் வருமோ என்னவோ. 2008ல் ஹெரால்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியோர்க் என்ற நான்கு உளவியலாளர்கள் இதற்கான நிபந்தனையைத் தெளிவாக வகுத்தார்கள். முதலில் மாணவர்களை அவரவர் பாணிப்படி பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்குப் படம் வழியாகவும், மீதிப் பேருக்குப் பேச்சு வழியாகவும், சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஒதுக்கி, ஒரே பாடத்தை நடத்த வேண்டும். கடைசியில் எல்லாருக்கும் ஒரே தேர்வு. பார்க்கிற ரகம் படத்தில் அதிக மதிப்பெண் எடுத்து, கேட்கிற ரகம் பேச்சில் அதிக மதிப்பெண் எடுத்தால், அதாவது இரண்டு கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொண்டால், கோட்பாடு நிற்கும். இரண்டு ரகத்துக்கும் படமே நல்லது என்று வந்தால், படம் நல்ல முறை என்று தெரியும். ரகம் பிரித்ததற்குப் பயன் எதுவும் இல்லை.

இந்த நிபந்தனையோடு நால்வரும் அதுவரை வெளிவந்த ஆய்வுக் குவியலைச் சலித்தார்கள். இத்தனை பயிற்சிகளும் புத்தகங்களும் வந்திருந்த துறையில், இப்படி முறையாக நடத்தப்பட்ட ஆய்வுகளே மிகச் சிலதான். அவற்றிலும் சில, கோட்பாட்டுக்கு நேர் எதிரான முடிவைக் காட்டின. வகுப்பறையில் இதற்குப் பணமும் நேரமும் செலவிடுவதற்கு நியாயம் இல்லை என்று எழுதி முடித்தார்கள். அதன்பின் பெத் ரோகாவ்ஸ்கியும் குழுவினரும் 2015ல் வெளியிட்ட ஆய்வு அந்த நிபந்தனையை ஏற்று நடந்தது. கல்லூரிப் படிப்பு முடித்தவர்களில் சிலருக்கு ஒலிப்புத்தகம், சிலருக்கு அதே பகுதி மின்னெழுத்தில். உடனே ஒரு தேர்வு, இரண்டு வாரம் கழித்து ஒரு தேர்வு. கேட்கப் பிடித்தவர்கள் கேட்டதில் சிறக்கவும் இல்லை, வாசிக்கப் பிடித்தவர்கள் வாசித்ததில் சிறக்கவும் இல்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024ல் வர்ஜீனியா கிளின்டன்-லிசெல், கிறிஸ்டின் லிட்சிங்கர் இருவரும் 21 ஆய்வுகளின் எண்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பாணிக்கு ஏற்ப கற்பித்ததில் சிறு நன்மை தெரிந்தது. ஆனால் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் அந்த நிபந்தனை, அளவைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கில்தான் நிறைவேறியது. இதை வைத்துக்கொண்டு கோட்பாடு மீண்டும் உயிர்பெற்றுவிட்டது என்று சொல்ல அவர்களும் முன்வரவில்லை. கிடைக்கிற அற்ப நன்மைக்கு இத்தனை ஏற்பாடு தகாது என்ற பக்கம்தான் என் கணக்கும் சாய்கிறது.

இனி கல்லூரி மாணவருக்கு மிகவும் நெருக்கமான ஆய்வுக்கு வருகிறேன். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பாடம் எடுத்த இளநிலை மாணவர்களிடம் போலி ஹஸ்மனும் வலேரி ஓலாஃப்லினும் நடத்தியது அது; 2018ல் வெளிவந்தது. நானூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் வார்க் வினாத்தாளை எழுதினார்கள். உன் பாணி இது, இப்படிப் படி என்ற யோசனைகளும் அவர்களுக்குக் கிடைத்தன. பருவம் ஓடிய பிறகு, நிஜமாகவே எப்படிப் படித்தீர்கள் என்று விசாரித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள் தங்கள் பாணிக்கு ஏற்றபடி படிக்கவே இல்லை! தன் ரகத்தைத் தெரிந்துகொண்டவர்கூட, வீட்டுக்குப் போனதும் தன் பழைய வழக்கப்படியே புத்தகத்தை விரித்திருக்கிறார். பாணிப்படி படித்த மீதிப் பேருக்காவது பலன் இருந்ததா? அவர்களுடைய இறுதி மதிப்பெண்ணும் மற்றவர்களுடையதும் அந்த வகையில் வேறுபடவில்லை.

அந்த ஆய்வில் மதிப்பெண்ணோடு சேர்ந்து உயர்ந்த ஒரு பழக்கம் உண்டு. கணினித் திரையில் திசு வில்லைகளைப் பெரிதாக்கிப் பார்க்க உதவும் ‘மெய்நிகர் நுண்ணோக்கி’யைப் பயன்படுத்தியவர்கள், எந்த ரகத்தவராக இருந்தாலும், நன்றாக எழுதினார்கள். காரணம் ஊகிக்கக் கூடியதுதான். திசுவியலில் சவாலே அடையாளம் காண்பதுதான். இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சாயமேற்றிய ஒரு துணுக்கைக் காட்டி, இது எந்தத் திசு என்று கேட்டால், ஒற்றையடுக்கா பல்லடுக்கா, செல்கள் தட்டையா தூண் போன்றவையா, மேல் விளிம்பில் மயிரிழைகள் தெரிகின்றனவா என்று கண் தேட வேண்டும். புத்தகத்தில் உள்ள சுத்தமான வரைபடத்தை எத்தனை முறை பார்த்தாலும் இந்தத் தேடல் பழகாது. வில்லைக்கு வில்லை மாற்றிப் பார்த்துத் திணறினால்தான் பழகும். ‘கேட்டுப் படிக்கிற’ மாணவரும் திசுவைக் காதால் அடையாளம் காண முடியாது.

முறையைத் தீர்மானிப்பதில் மாணவரின் ரகத்தைவிடப் பாடத்தின் இயல்புக்குத்தான் பங்கு அதிகம். கவிதையின் ஓசையை வாய்விட்டுப் படித்துத்தான் பிடிக்க வேண்டும். கரிம வேதியியலில் எலெக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று அம்புக்குறியைக் கையால் போட்டுப் பழக வேண்டும். தீர்ப்பொன்றின் வாதத்தை வரிவரியாகப் பிரித்து எழுதாமல் சட்டம் புரியாது. ஒரே மாணவர் திங்கள்கிழமை ஒன்றும் செவ்வாய்க்கிழமை இன்னொன்றுமாக மாற வேண்டியிருக்கும். படமும் சொல்லும் சேர்ந்து வந்தால் பெரும்பாலானோருக்கு நன்றாகப் புரிகிறது என்பதும் பல ஆய்வுகள் காட்டிய செய்தி. அது ஒரு ரகத்தாருக்கு மட்டுமான சலுகை ஆகாது. பார்வை, செவிப்புலன் குறைபாடோ வாசிப்புச் சிரமமோ உள்ளவர்களின் தேவை முற்றிலும் தனியானது. அவர்களுக்குத் திரைவாசிப்பு மென்பொருளும் எழுத்தரும் கூடுதல் நேரமும் உரிமை. பாணிக் கோட்பாட்டோடு அதைப் போட்டுக் குழப்பக் கூடாது.

இவ்வளவு சோதனைக்குப் பிறகும் நம்பிக்கை ஏன் அசையவில்லை? சான்ன டெக்கரும் குழுவினரும் 2012ல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டன் ஆசிரியர்களில் 93 சதவீதத்தினரும் நெதர்லாந்து ஆசிரியர்களில் 96 சதவீதத்தினரும் பாணிக்கு ஏற்ப கற்பித்தால் மாணவர் நன்றாகக் கற்பார் என்று நம்பினார்கள். இத்தனை பேர் நம்புவதற்குக் காரணம் அறியாமை என்று எனக்குத் தோன்றவில்லை. வகுப்பறை அனுபவமே அப்படித்தான் காட்டுகிறது. சொல்லிப் புரியாத ஒன்று படம் போட்டதும் புரிகிற கணத்தை ஒவ்வோர் ஆசிரியரும் கண்டிருப்பார். அந்தக் கணத்தில் வேலை செய்தது பையனின் ரகமா, இரண்டாவது விளக்கமா, படத்தின் பொருத்தமா என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

மாணவரின் பக்கத்தில் இன்னும் நுட்பமான ஒரு மயக்கம் இருக்கிறது. ஆபி நோலும் உடன் ஆய்வாளர்களும் 2017ல் வெளியிட்ட சோதனையில், கலந்துகொண்டவர்களுக்குச் சொற்களையும் படங்களையும் காட்டி, இது பின்னால் எவ்வளவு நினைவிருக்கும் என்று அவர்களையே மதிப்பிடச் சொன்னார்கள். பார்க்கிற ரகத்தார் படங்கள் அதிகம் நினைவிருக்கும் என்றார்கள். சொல் ரகத்தார் சொற்கள் என்றார்கள். நினைவுகூரச் சொன்னபோது அந்தக் கணிப்பு பொய்த்தது. பாணிக்கும் நினைவில் நின்றதற்கும் தொடர்பில்லை. பாணி என்று நாம் அளப்பது, எதில் நமக்குத் தன்னம்பிக்கை பிறக்கிறது என்பதைத்தான் போலும். வினாத்தாளும் அதைத்தான் கேட்கிறது. ‘எது பிடிக்கும்’ என்று கேட்டுவிட்டு, ‘எது வரும்’ என்று முடிவு சொல்கிறது.

இந்தத் தன்னம்பிக்கைதான் கல்லூரித் தேர்வில் ஆளைக் கவிழ்க்கிறது. ஜெஃப்ரி கார்ப்பிக்கி, ஆண்ட்ரூ பட்லர், ஹென்ரி ரோடிகர் மூவரும் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டு 2009ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 84 பேர் குறிப்பையும் புத்தகத்தையும் திரும்பத் திரும்ப வாசிப்பதாகச் சொன்னார்கள். மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 11 பேர். நம் ஊர் விடுதி அறைகளிலும் தேர்வுக்கு முந்தைய இரவில் இதே காட்சிதான். லோக்கல் ஆதர் புத்தகம் விரிந்திருக்கும். மஞ்சள் ஹைலைட்டர் ஏற்கெனவே அடித்த வரி மேல் மறுபடியும் ஓடும். மூன்றாம் முறை வாசிக்கையில் எல்லாம் தெரிந்த முகமாகத் தெரிகிறது. ஹாலில் உட்கார்ந்த பிறகுதான் முகம் தெரிந்து பெயர் வராத நிலை.

ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006ல் வெளியிட்ட சோதனை இந்த விஷயத்தில் செவ்வியல் தகுதி பெற்றுவிட்டது. மாணவர்களுக்கு ஒரு சிறு அறிவியல் பத்தி. முதல் குழு அதை நான்கு சுற்று வாசித்தது. கடைசிக் குழு ஒரே ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் வாசித்த குழு 83 சதவீதம், எழுதிப் பார்த்த குழு 71. வாசிப்பே மேல் என்று தோன்றும். ஒரு வாரம் கழித்து வைத்தால் வாசித்த குழு 40க்கு இறங்கிவிட்டது. எழுதிப் பார்த்த குழு 61ல் நின்றது. இதில் கவனிக்க வேண்டியது, தங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று கேட்டபோது அதிக நம்பிக்கை காட்டியது நான்கு முறை வாசித்த குழுதான்.

நினைவிலிருந்து எடுப்பது என்றால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். கல்லூரிப் பேருந்தின் கடைசி இருக்கையில் ஒருத்தி டூ மார்க் கேள்வியைக் கேட்க, பக்கத்தில் உள்ளவள் பதில் சொல்ல, பாதியில் தடுமாற, ‘ச்சே, வாய்க்குள்ளேயே இருக்கு’ என்று நெற்றியைத் தட்டிக்கொள்கிறாளே, அதுதான் நினைவிலிருந்து எடுப்பது. அந்தத் தடுமாற்றத்துக்குத்தான் மதிப்பு. உடனே புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டால் மனசு லேசாகிவிடும். நினைவுக்கு வேலை கிடைக்காமல் போய்விடும். பேருந்தில் நடப்பதை அறையில் தனியாகவும் செய்யலாம்: ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் தெரிந்ததை எழுதி, பிறகு திறந்து விட்டதைச் சரிபார்ப்பது. ஜான் டன்லாஸ்கியும் குழுவினரும் 2013ல் பத்துப் படிப்பு உத்திகளைத் தரம் பிரித்தபோது, மேல் தரத்தில் இரண்டே இரண்டைத்தான் வைத்தார்கள்: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. மாணவர்கள் அதிகம் நாடுகிற மறுவாசிப்பும் அடிக்கோடிடுதலும் கீழ்த்தட்டில் இடம்பிடித்தன.

இடைவெளியைப் பற்றி நிக்கோலஸ் செப்பேடாவும் குழுவினரும் 2008ல் தந்த கணக்கு மாணவருக்கு நேரடியாகப் பயன்படும். தேர்வு ஒரு வாரத்தில் என்றால் இரண்டு படிப்புகளுக்கு நடுவே ஒன்று முதல் மூன்று நாள் விடுவது நல்லது. ஓராண்டு நிற்க வேண்டும் என்றால் இடைவெளி சில வாரங்களுக்கு நீள வேண்டும். கொஞ்சம் மறக்கவிட்டு மறுபடி எடுப்பதுதான் சூட்சுமம்.

கணக்கு விஷயத்தில் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007ல் காட்டியது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. மாணவர்கள் அதிகம் கேள்விப்படாத நான்கு கனவடிவங்களின் கன அளவைக் காணும் கணக்குகள். ஒரு குழு ஒரு வடிவத்தை முடித்து அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு நான்கும் கலந்து வந்தன. பயிற்சியின்போது வரிசையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி. கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வரிசைக்காரர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63! வரிசையாகப் போடும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை; போன கணக்கில் எதுவோ அதுதான் இதிலும். அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளை எழுதுகிற மாணவர்களுக்கு இந்தத் துப்பு தேர்வறையிலும் கிடைத்துவிடுகிறது. பதினொன்றாம் கேள்வி முதல் யூனிட், பன்னிரண்டாம் கேள்வி இரண்டாம் யூனிட் என்று வரிசை தெரியும். அதனால் யூனிட் யூனிட்டாகப் போட்டுப் பழகியவர் கணிதத் தாளில் நல்ல மதிப்பெண் எடுத்துவிடுவார். அதே மாணவர் கேட் தேர்விலோ வேலைக்கான தேர்விலோ, எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று தெரியாத கணக்கின் முன் திகைத்து நிற்கிறார். படித்ததெல்லாம் மறந்துபோச்சு என்கிறார். சூத்திரம் மறக்கவில்லை, எங்கே எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்க அவர் ஒருபோதும் பழகியதில்லை.

சிரமப்பட்டுப் படித்தால் நிற்கும், சுகமாகப் படித்தால் நிற்காது என்று இதைச் சுருக்கிவிடவும் கூடாது. எல்லாச் சிரமமும் பயன் தருவதில்லை. மங்கலான ஜெராக்ஸைக் கண்ணைச் சுருக்கிப் படிப்பதும் சிரமம்தான். பியோர்க் ‘வேண்டத்தக்க சிரமம்’ என்று குறித்தது, நினைவைத் தோண்ட வைக்கும், வேறுபாட்டைக் கவனிக்க வைக்கும் சிரமத்தைத்தான். அந்தச் சிரமத்தை மாணவர் தோல்வியாக எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் சிக்கல். ஹார்வர்டில் லூயி டெலோரியேயும் குழுவினரும் 2019ல் வெளியிட்ட இயற்பியல் வகுப்பு ஆய்வில், குழுவாகக் கணக்குப் போட்டுத் திணறிய மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். அருமையான விரிவுரையைக் கேட்டவர்களோ, தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். எந்த வகுப்பு உனக்குப் பொருந்துகிறது என்று அன்றே அவர்களிடம் வினாத்தாள் கொடுத்திருந்தால், என்ன குறியிட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மாணவரை ரகம் பிரிப்பது நமக்கும் புதிதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் அன்னம், பசு தொடங்கி எருமை, பன்னாடை வரை எட்டு உவமைகளால் மாணாக்கரை மூன்று தரமாக வைத்தார். ஆனால் அதே பாயிரத்தில் எப்படிப் படிப்பது என்று சொல்ல வரும்போது அவர் ஆளுக்கொரு வழி சொல்லவில்லை. கேட்டதை நினைத்துப் பார்ப்பது, மற்றவரிடம் வினவுவது, மற்றவர் வினவியதற்கு விடை சொல்வது என்று எல்லாருக்கும் ஒரே பட்டியல். ஆசான் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் கிட்டும், உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதிப் பாதி என்றும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். அந்தப் பின்னங்களை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. விடுதியில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்த பையனுக்கே அந்தப் பாடத்தில் அதிக மதிப்பெண் வருவதைக் கண்டவர்களுக்கு, அது போகிற திசை புரியும்.

அப்படியானால் மாணவர்களுக்குள் பொருட்படுத்த வேண்டிய வேறுபாடே இல்லையா? இருக்கிறது; அது வேறு இடத்தில் இருக்கிறது. முன்னறிவு அதில் முதன்மையானது. பாடத்துக்குப் புதியவருக்குத் தீர்த்துக் காட்டிய கணக்குகள் அதிகம் உதவுகின்றன. ஓரளவு தேர்ந்தவருக்கு அவையே தொந்தரவாகி, தானே தீர்ப்பது உதவுகிறது. ஸ்லாவா கல்யூகா, ஜான் ஸ்வெல்லர் முதலியோர் இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். ஒரே மாணவர் எலெக்ட்ரானிக்ஸில் புதியவராகவும் கணிதத்தில் தேர்ந்தவராகவும் இருக்கலாம். ஆகவே இதை ஆளின் மேல் முத்திரையாகக் குத்த முடியாது. பாடத்துக்குப் பாடம், மாதத்துக்கு மாதம் மாறும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இதைவிடப் பெரிய வேறுபாடு மொழி. பன்னிரண்டு ஆண்டு தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த மாணவி முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடநூலைத் திறக்கிறாள். ஒரு பத்தியில் ஆறேழு சொல் தெரியவில்லை. யூடியூபில் தமிழில் யாரோ பலகையில் வரைந்து விளக்குவதைப் பார்த்ததும் பளிச்சென்று புரிகிறது. அவளிடம் அந்த வினாத்தாளைக் கொடுத்தால் ‘பார்த்துப் படிக்கிறவர்’ என்று வரக்கூடும். உண்மையில் அவளுக்கு உதவியது படமா, தமிழா? ரகம் என்று பெயரிட்டுவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. அவளுக்கு வேண்டியது கலைச்சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு பிடித்துக்கொள்ள முதல் பருவத்தில் கொஞ்சம் அவகாசமும், ஆங்கிலத்தில் விடை எழுதிப் பார்த்துத் திருத்தம் வாங்க ஓர் ஆளும். ‘நீ வீடியோ பார்த்தே படி’ என்று அனுப்பிவைத்தால், பருவத்தேர்வில் மூன்று மணி நேரம் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய இடத்தில் அவளைத் தனியாக நிறுத்தியதாகிவிடும்.

ஆகவே, ரகம் கண்டுபிடிக்க ஒதுக்கும் அந்த அரை மணி நேரத்தை வேறு விதமாகச் செலவிடச் சொல்வேன். முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் ஒரு பக்கப் பாடம் கொடுத்து, பாதி வகுப்பை மூன்று முறை வாசிக்கச் சொல்லலாம். மீதிப் பாதியை ஒருமுறை வாசித்து இரண்டு முறை நினைவிலிருந்து எழுதச் சொல்லலாம். எவ்வளவு நினைவிருக்கும் என்று அவர்களையே ஊகித்து எழுதச் சொல்லி, அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் தேர்வு வைத்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம். ஆய்வுக் கட்டுரை எதையும் அவர்கள் படிக்க வேண்டியதில்லை.

இன்டர்னல் தேர்வுகளை அமைக்கும் விதத்திலும் ஒரு சிறு மாற்றம் போதும். பல கல்லூரிகளில் முதல் இன்டர்னலுக்கு முதல் யூனிட்டுகள், இரண்டாவதற்கு அடுத்தவை என்று பங்கு பிரித்துவிடுகிறார்கள். எழுதி முடித்த யூனிட்டை மாணவர் அத்தோடு மூட்டை கட்டிவிட்டு, ஸ்டடி ஹாலிடேஸில்தான் மறுபடி அவிழ்க்கிறார். இரண்டாம் இன்டர்னலில் முதல் யூனிட்டிலிருந்து மூன்று டூ மார்க்கும், எந்த யூனிட் என்று சொல்லாமல் ஒரு கணக்கும் சேர்த்தால், இடைவெளி விட்டுப் படிப்பதும் கலந்து படிப்பதும் தானாக நடக்கும். இதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், பயிற்சியாளரும் வேண்டாம். வினாத்தாள் எடுக்கிற ஆசிரியர் மனது வைத்தால் போதும். முதல் தடவை மாணவர்கள் ‘சிலபஸிலேயே இல்லாததைக் கேட்டுட்டாங்க’ என்று துறைத்தலைவர் அறைக்குப் போவார்கள். அவர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.